நீதிபதியின் தலைக்குப் பின்னால் ஒரு கறை

கலையை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசாங்கத்தின் கடமை. மக்கள் வீட்டில் இல்லாவிட்டால் கதவிடுக்கில் செருகிவிட்டாவது வரவேண்டும். இந்தக் கடமை உணர்ச்சியோடுதான் கெய்ரோவிலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பி கஃப்ர் அல்-சவாகி ஊரின் கலாச்சார மாளிகைக்கு வந்து சேர்ந்தது. மாதம் ஒரு முறை ஓர் "உன்னதமான கறுப்பு-வெள்ளைக் குடும்பச் சித்திர"த்தைக் குழு அமைத்துத் தேர்ந்தெடுத்து, திரையிட்டு, அதைப் பற்றி "ஆக்கபூர்வமான கலந்துரையாடல்" நடத்தவேண்டும் என்று அது ஆணையிட்டது. நடத்தத் தவறினால் அரங்கு வேறு பயனுள்ள காரியத்துக்கு ஒதுக்கப்படும் என்றும் கடைசி வரியில் அன்போடு தெரிவித்தது.

பயனுள்ள காரியம் எது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. கராத்தே வகுப்பு நடத்துகிறவர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து அரங்கின் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மாளிகை என்றதும் பளிங்குத் தூண்களைக் கற்பனை செய்யவேண்டாம். கூட்டுறவு உரக் கிடங்குக்கு மேலே இருக்கும் மாடி அது. எந்தக் கவிஞர் வந்து எந்தக் கவிதை வாசித்தாலும் கீழிருந்து யூரியா வாசனை வரும். அந்த மாளிகையின் திரைப்படப் பிரிவுப் பொறுப்பாளர் தவ்ஹீதா. பிரிவில் அவள் ஒருத்திதான். சுற்றறிக்கையைப் படித்ததும் அவள் முகம் மலர்ந்தது. அரசாங்கத் தாளைப் படித்து ஒரு முகம் மலர்வதை அந்தக் கட்டடம் அதுவரை கண்டதில்லை.

எந்தப் படம் என்பதை அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். 'கால்வாய்க்கரை வீடு'. ரயில்வே குமாஸ்தா ஒருவன் செய்யாத திருட்டுக்காகச் சிறைக்குப் போகிறான். அவன் திருடினான் என்றே மனைவி ஸக்கிய்யாவும் நம்பிவிடுகிறாள். பல வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே ஸக்கிய்யாவின் கை மெல்ல எழுந்து தாழ்ப்பாளின் மேல் படிகிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிடும். கதவைத் திறக்கத்தான் கை போனதா, தாழ்ப்பாளை இன்னும் இறுக்கப் போனதா என்று கடவுளுக்கும் தெரியாது, படம் எடுத்தவனுக்கும் தெரிந்திருக்காது.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு கோடைக்காலத் திறந்தவெளிக் கொட்டகையில் அந்தப் படத்தைத் தவ்ஹீதாவும் லபீபும் பார்த்தார்கள். "திறந்துட்டா" என்றார் லபீப். "திறக்கலை" என்றாள் தவ்ஹீதா. நிச்சயதார்த்த மோதிரம் அன்று ராத்திரி விரலிலிருந்து பாதி கழன்றுதான் நின்றது. பிறகு கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வெளியூர் போனார்கள், லபீப் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றார். சண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை. தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு பாத்திரமாவது உருளும். அதை ஒருநாள் ஊர் கூடி, அரங்கு நிறைய உட்கார்ந்து, தொண்டை கிழியச் சண்டை போட்டுத் தீர்க்கவேண்டும் என்பது தவ்ஹீதாவின் வாழ்நாள் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

தேர்வுக் குழு கூடியது. மாளிகைத் தலைவர் ஷரஃபுத்தீன், சட்டப் பிரிவு பர்ஹாம், தவ்ஹீதா. நாட்டில் மன்னர் காலத்துப் பாஷா பட்டம் ஒழிக்கப்பட்டுப் பல தலைமுறை ஆகிறது. ஒழித்த நாளிலிருந்து எல்லா அதிகாரிகளையும் பாஷா என்று கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

"பாஷா, ஒரு பூர்வாங்கச் சந்தேகம்" என்றார் பர்ஹாம். "சுற்றறிக்கையில கறுப்பு-வெள்ளைன்னு போட்டிருக்கு. நான் ரெண்டு மூணு படம் கவனிச்சுப் பார்த்தேன். அதுல கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. பூரா சாம்பல்."

ஷரஃபுத்தீன் திடுக்கிட்டார். "அப்போ நாம சாம்பல் படம் போட்டா?"

"ஆணையை மீறினதா ஆகும். போதாக்குறைக்கு நம்மகிட்ட இருக்கிறது கலர் புரொஜெக்டர். கலர் படம் காட்டத்தான் அதை வாங்க அனுமதி."

"என்னங்க உஸ்தாத், பால் ஊத்துற டம்ளர்ல டீ குடிக்கிறதில்லையா?" என்றாள் தவ்ஹீதா.

"வீட்டுல குடிக்கலாம் மேடம். ஆபீஸ்ல டம்ளருக்கு ஒரு நோக்கம் இருக்கு."

சாம்பல் என்பது கறுப்பும் வெள்ளையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஏற்படுத்திக்கொண்ட உடன்பாடு என்று குறிப்பெழுதி அந்தச் சிக்கலைத் தாண்டினார்கள். அடுத்துப் படங்கள். முதல் படத்தில் கெட்ட பாஷா ஒருவர் விவசாயிகளை அடிக்கிறார். வர்க்க வெறுப்பு, வேண்டாம். இரண்டாவதில் நல்ல பாஷா விவசாயி மகளைப் படிக்க வைக்கிறார். மன்னராட்சி மேல் ஏக்கம், அதுவும் வேண்டாம். மூன்றாவதில் லஞ்சம் வாங்கும் அதிகாரி.

"அரசு ஊழியரை இழிவு செய்யறது" என்று பர்ஹாம் தலையை ஆட்டினார்.

"சரி, இன்னொரு படத்துல லஞ்சமே வாங்காத அதிகாரி வர்றார். அதைப் போடலாமா?"

"அது இன்னும் மோசம் மேடம். ஒருத்தர் வாங்கலைன்னு தனியாக் காட்டினா, மத்தவங்க வாங்குறாங்கன்னு ஆகாதா?"

"அதானே!" என்றார் ஷரஃபுத்தீன். அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

கதாநாயகன் சிகரெட் பிடித்த படங்கள் சுகாதாரத்துக்குக் கேடு என்று போயின. நடனக்காரி வந்த படங்கள் போயின. நடனக்காரி திருந்திய படங்கள், திருந்துவதற்கு முன் ஆடியிருப்பாள் என்ற அடிப்படையில் போயின. கடைசியில் தவ்ஹீதா, போகிற போக்கில் சொல்வதுபோல, 'கால்வாய்க்கரை வீடு' என்றாள்.

இரண்டு ஆண்களும் மௌனமானார்கள். அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பழைய படங்கள் வெள்ளிக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் வரும். வெள்ளிக்கிழமை மதியம் மொலோகியாக் கீரைக் குழம்பும் அரிசி அடைத்த புறாவும் சாப்பிடாத வீடு எது? புறாவைத் தின்றுவிட்டு எந்த ஆண்பிள்ளையால் இடைவேளை தாண்ட முடியும்? ஆகவே எல்லாப் பழைய படங்களின் முதல் பாதியும் நாட்டுக்கே மனப்பாடம். இரண்டாம் பாதி பாத்திரம் கழுவும் பெண்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

"ரொம்ப நல்ல படமாச்சே. கல்யாணம், மருதாணி, பாட்டு..." என்றார் ஷரஃபுத்தீன், தூங்குவதற்கு முன் பார்த்ததை நினைவுகூர்ந்து.

"ஆட்சேபகரமா ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் பர்ஹாமும். படம் ஒருமனதாகத் தேர்வானது.

திரையிட்ட வியாழக்கிழமை அரங்கு முக்கால்வாசி நிறைந்தது. தர்பூசணி விதை கொறிக்கும் சத்தம் மழை மாதிரிக் கேட்டது. கலந்துரையாடலை வழிநடத்தத் திரைப்பட விமர்சகர் டாக்டர் ஹைஸம் கெய்ரோவிலிருந்து வந்திருந்தார். இவர் ஊசி போடும் டாக்டர் அல்ல, ஊசியைப் பற்றி எழுதும் டாக்டர். புழுக்கத்திலும் கழுத்தில் கம்பளிச் சால்வை. படம் ஓடும்போது கைபேசியில் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டிருந்தவர், நீதிமன்றக் காட்சியில்தான் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினார்.

நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கறுப்புக் கறை, ஈ மொய்ப்பதுபோல நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

நரைத்த தலைகள் எல்லாவற்றுக்கும் அது என்னவென்று தெரியும். படம் எடுத்த காலத்தில் அந்த இடத்தில் மன்னரின் படம் தொங்கியது. மன்னரைக் கப்பலேற்றி அனுப்பியபின், தணிக்கை ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, பிலிமில் ஒவ்வொரு சட்டகமாக மன்னரைச் சுரண்டி மை பூசினார். கை நடுங்கிய இடமெல்லாம் கறையும் நடுங்கியது. இந்த ஊரில் பழைய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கண் சிமிட்டுவதுபோல அந்தக் கறையைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துவிடுவார்கள்.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. தவ்ஹீதா எழுந்து நின்றாள்.

"சொல்லுங்க, ஸக்கிய்யா கதவைத் திறந்தாளா, இல்லையா?"

முன்வரிசையில் கசாப்புக்கடை ஃபர்கலி விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "திறக்காம என்ன? புருஷன் வாசல்ல—"

"கதவை விடுங்க!" என்று எழுந்தார் டாக்டர் ஹைஸம். "அந்தக் கறை! யாராவது கவனிச்சீங்களா? நீதிபதிக்குப் பின்னால அதிகாரம் இருக்கவேண்டிய இடத்துல ஒரு வெறுமை. அதுவும் நடுங்கற வெறுமை! அந்தக் காலத்துலயே ஒரு கலைஞன் இவ்வளவு தூரம் சிந்திச்சிருக்கான். நாம இன்னும் கதவைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்!"

எல்லோருக்கும் உண்மை தெரியும். ஆனால் படித்தவர், கெய்ரோக்காரர், சால்வை வேறு போட்டிருக்கிறார். ஒருவேளை மன்னரைச் சுரண்டியதே ஆழமான சிந்தனையோடுதானோ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னச் சந்தேகம் தட்டியது.

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன் டாக்டர்" என்றார் ஃபர்கலி.

தவ்ஹீதா வாயைத் திறந்தாள். ஷரஃபுத்தீன் அவள் காதருகே குனிந்தார். "மேடம், கராத்தே மாஸ்டர் கீழே மாடிப்படிகிட்ட நிக்கிறார். பார்த்துப் பேசுங்க." அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த மாதம் கதவுக்கு வருவோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று ராத்திரி லபீப் கேட்டார். "என்ன, யாரு ஜெயிச்சா? திறந்தாளா?"

"கறை ஜெயிச்சுது" என்றாள் அவள், செருப்பைக் கழற்றி வீசியபடி. "ஆனா நீங்க ஒண்ணும் பூரிச்சுப் போகவேண்டாம். அவ திறக்கலை."

"திறந்துட்டாடி."

"திறக்கலை!" ஒரு டம்ளர் உருண்டது. வீடு வீடாகவே இருந்தது.

கறையைப் பற்றி டாக்டர் எழுதிய கட்டுரை கெய்ரோப் பத்திரிகை ஒன்றில் வெளியானது. அப்புறம் நடந்ததை அடக்கமாகச் சொல்வது கஷ்டம். கெய்ரோவிலிருந்து சால்வை போட்ட இளைஞர்கள் காரில் வந்து இறங்கினார்கள். நெஞ்சில் கறுப்புக் கறை அச்சடித்த சட்டைகள் கடைவீதியில் தொங்கின. காபிக்கடைக்காரன் கழுவாத கோப்பைகளை "கறைக் கோப்பை" என்று சொல்லிக் கூடுதல் விலைக்குக் கொடுத்தான். கல்யாணப் படம் எடுக்க வந்தவனிடம் ஒரு மாப்பிள்ளை, மாமனார் முகத்தில் மட்டும் கறை போட முடியுமா என்று கேட்டான். தலைமையகத்திலிருந்து பாராட்டும் வந்தது, கூடவே புதிய ஆணையும் வந்தது. இனிமேல் கறையுள்ள படங்களுக்கே முன்னுரிமை. கறையில்லாத படங்கள் "ஆழமற்றவை" எனக் கருதப்படும்.

மாதாமாதம் அதே படத்தையே போட்டார்கள், தவ்ஹீதாவின் அரங்கு வழிந்தது. கராத்தே மாஸ்டர் வேறு இடம் பார்க்கப் போனார். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கதவைப் பற்றி ஆரம்பிப்பாள். ஒவ்வொரு கூட்டமும் கறையில் போய் முடியும்.

இந்த நல்ல நேரத்தில்தான் பர்ஹாமுக்குத் தூக்கம் போனது. குழுவைக் கூட்டச் சொன்னார்.

"பாஷா, நீதிமன்றம் அரசாங்கக் கட்டடம். அரசாங்கக் கட்டடத்துச் சுவர்ல கறை இருக்கலாமா? நாமளே அதை மாசாமாசம் கூட்டம் போட்டுக் காட்டறோம். நாளைக்கு எவனாவது புகார் எழுதினா?"

ஷரஃபுத்தீனுக்கு வியர்த்தது. "அப்போ கறையை எடுத்துடலாமா?"

"எடுத்தா அங்க என்ன இருந்துதோ அது வரணும். மன்னர் வருவார்."

"ஐயையோ!"

"அதனால வேற படம் மாட்டணும். அமைச்சர் படம் மாட்டலாம். ஆனா அந்த நீதிபதி தப்பான தீர்ப்பு சொல்றான். அமைச்சருக்கு முன்னால தப்பான தீர்ப்பா?"

"கவர்னர் படம்?"

"கவர்னருக்கு முன்னால மட்டும் தப்பான தீர்ப்பு சொல்லலாமா பாஷா?"

இப்படியே படிப்படியாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்ளக்கூடியவராக இருந்தார். கடைசியில், கோபித்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லாத அதிகாரி ஒருவரிடம் வந்து நின்றார்கள். அவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நானா?" என்றார் ஷரஃபுத்தீன். தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்தது. "எனக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாது. ஆனா கடமைன்னு வந்துட்டா..."

"பாஷா, அது பழைய காலத்துப் படம்" என்றாள் தவ்ஹீதா. "நீங்க அப்போ பிறக்கவே இல்லையே!"

"அதான் நல்லது மேடம்" என்றார் பர்ஹாம். "அந்தத் தீர்ப்புக்கும் பாஷாவுக்கும் சம்பந்தமில்லைன்னு சுலபமா நிரூபிக்கலாம்."

வேலையை ஷரஃபுத்தீனின் மச்சினனிடம் கொடுத்தார்கள். அவன் கல்யாண வீடியோ செய்கிறவன். தெரிந்த தொழிலை மனசாரச் செய்தான். அடுத்த மாதத்து வியாழக்கிழமை, சாம்பல் நிற நீதிபதியின் தலைக்குப் பின்னால், நீலக் கழுத்துப்பட்டை கட்டிய ஷரஃபுத்தீன் பாஷா முழு வண்ணத்தில் புன்னகை செய்தார். சுற்றிலும் தங்கச் சட்டம். மூலைக்கு மூலை ரோஜா இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. குமாஸ்தாவுக்குக் கடுங்காவல் தண்டனை என்று நீதிபதி சொன்ன நொடியில் இரண்டு வெள்ளைப் புறாக்கள் பறந்து போயின.

தவ்ஹீதா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவமானத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. டாக்டர் ஹைஸம் எழுந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"காலத்தையே உடைச்சுட்டாங்க" என்றார் டாக்டர், நெகிழ்ந்துபோய். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. ஃபர்கலி எழுந்து நின்று தட்டினார்.

புகழ் உச்சியில் இருக்கும்போது, பொதுநலன் கருதி, ஷரஃபுத்தீன் பாலைவனத்துச் சோலை ஊர் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். யாருடைய நலன் என்று ஆணையில் இல்லை. புதிய தலைவர் வந்த அன்றே அரங்கில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்.

"இந்த ஆள் யாரு?"

"முன்னாள் தலைவர், பாஷா" என்றார் பர்ஹாம்.

"முன்னாள் தலைவர் இன்னும் ஏன் சுவர்ல இருக்கார்?"

"அதையேதான் நானும் ஆரம்பத்துலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் பர்ஹாம், கூசாமல்.

உடனே அழிக்க உத்தரவானது. மச்சினனையே கூப்பிட்டார்கள். உறவு வேறு, தொழில் வேறு என்று அவன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, தன் அக்கா புருஷனின் முகத்தில் கறுப்புப் பூசினான். ரோஜா இதழ்களையும் புறாக்களையும் மறக்காமல் அழித்தான். ஷரஃபுத்தீனின் ஒரு காதோ, கழுத்துப்பட்டையின் நுனியோ எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லை என்று முழுப் படத்தையும் கவனித்து உறுதி சொல்லும் பொறுப்பைத் தவ்ஹீதாவிடம் ஒப்படைத்தார்கள். நீலம் ஏதாவது தெரிந்தால் அரங்குக்குப் பூட்டு என்று புதிய தலைவர் விரலை ஆட்டிச் சொன்னார்.

வியாழக்கிழமை வந்தது. தவ்ஹீதா முதல் வரிசையில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நீதிமன்றக் காட்சி. கறுப்புக் கறை நடுங்கியது. நீலம் இல்லை. தங்கம் இல்லை. அவள் மூச்சு விட்டாள். பிறகு, இடதுபுறம் ஓரத்தில் ஏதோ மினுங்கியதுபோல இருந்ததே என்று சந்தேகம் வந்தது. காதோ? கழுத்துப்பட்டையோ? திரையில் காட்சிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அந்த ஓரத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்தது. "அப்பாடா!" என்றார் ஃபர்கலி, பின்வரிசைக்கும் கேட்கும்படி. "இப்பத்தான் பழைய ஒரிஜினல் படம் மாதிரி இருக்கு!"

டாக்டர் ஹைஸம் இது கறையே அல்ல, கறையின் நினைவு என்றார். புதிய தலைவர் திருப்தியோடு தலையசைத்தார். கறை முன்பு இருந்ததைவிட அகலமா, குறுகலா என்று இரண்டு சால்வைகளுக்குள் வாக்குவாதம் மூண்டு, தொண்டை கிழிய, நாற்காலி விழ, ஊர் கூடிச் சண்டை போட்டது. தவ்ஹீதாவும் எழுந்து நின்று கத்தினாள். "நான் பார்த்தேன், பழசு இன்னும் கொஞ்சம் வலதுபக்கம் இருந்துது!" அரங்கு தப்பித்தது. அடுத்த மாதத்துக்கும் அனுமதி கிடைத்தது.

வீட்டில் லபீப் சாப்பாட்டைச் சூடுபண்ணி வைத்துக் காத்திருந்தார். அவித்த அவரையும் ரொட்டியும் மேசை மேல் இருந்தன. டம்ளரை முன்னெச்சரிக்கையாக நகர்த்தி வைத்திருந்தார்.

"கேட்டியா தவ்ஹீதா, நல்லா யோசிச்சுட்டேன். அவ திறந்துட்டா."

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். "இடதுபக்கம் ஓரத்துல ஒரு மினுங்கல். நீலமான்னு தெரியல. காலையில போய் மறுபடி போட்டுப் பார்க்கணும்."

"நான் கதவைச் சொல்றேன். திறந்துட்டாங்கறேன்."

"எந்தக் கதவு?" என்றவள், நினைவு வந்து, கையை வீசினாள். "ஓ, அதுவா. திறந்திருப்பா, விடுங்க."

லபீப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சண்டையில் அவர் ஜெயித்திருந்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.